பாலன் பங்கு

எங்கள் ஊரில் பங்கு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் எல்லோரும் ஒரு பங்கு. கடலிலிருந்து வந்த மீனை விற்றதும் வள்ளக்காரரும் கூடப் போனவர்களும் பிரித்துக்கொள்வதும் பங்கு. எங்கள் தெருவுக்கு மட்டும் மூன்றாவதாக ஒன்று உண்டு. பாலன் பங்கு.

பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்துக் கோயிலில் குழுக்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதற்கு அன்பியம் என்று பெயர். கிறிஸ்மஸ் வாரத்தில் எங்கள் அன்பியத்தில் ஒரு கடவம் வீடு வீடாகப் போகும். கடவம் என்றால் பனையோலையில் முடைந்த பெரிய பெட்டி. ஒவ்வொரு வீடும் தனக்கென்று வாங்கியதில் ஒரு பாகத்தை அதில் வைக்க வேண்டும். மிஞ்சியதை வைக்கக்கூடாது. பாலன் இயேசுவுக்கு என்று சொல்லி வைப்பார்கள். நிறைந்த கடவம் அந்த வருஷம் கஷ்டத்தில் இருக்கிற ஒரு வீட்டுக்குப் போகும். எந்த வீடு என்று யாருக்கும் தெரியக்கூடாது. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. நான் பி.எஸ்சி. தாவரவியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். டீ கொடுப்பது என் பொறுப்பு. ஜெபம் முடிந்ததும் தலைவர் டைட்டஸ் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“இந்த வருஷம் யாருக்குன்னு நான் சொல்லணுமா?”

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் வியாகுலம்மாள் மாமியின் வீடு.

மாமி தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் மீன் எடுத்துப் பக்கத்து ஊர்களில் விற்பவள். மழையில் டெம்போவிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து, பாதத்திலிருந்து முட்டு வரை மாவுக்கட்டு. ஒரு மாதத்துக்கும் மேலாகச் சந்தைக்குப் போகவில்லை. ஒரே மகன் ரெனிஷ் சவுதியில் வேலை மாறியிருந்தான். புது இடத்தில் இன்னும் சம்பளம் வரவில்லை. டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் முதலில் எண்ணெய்ச் சட்டி வைப்பது மாமிதான். அந்த வருஷம் அவள் வீட்டிலிருந்து ஒரு வாசனையும் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாலன் பங்கைச் சுமந்துகொண்டு போனவள் மாமிதான்.

“மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் கால்தான் சொகமில்ல, காது நல்லாக் கேக்கும்,” என்றாள் அம்மா.

“யாரு கொண்டு போறது? நான் மாட்டேன்,” என்றார் அண்ணன். “போன வாரம் ரெண்டு மரச்சீனிக் கிழங்கு குடுத்து விட்டேன். ‘எனக்க அடுப்பு எரியல்லன்னு உனக்கிட்ட எவன் சொன்னான்லே’ன்னு சன்னல் வழியாக் கேட்டா. தெரு முழுக்கக் கேட்டுது.”

“வாங்கமாட்டா. கிறிஸ்மஸ் அன்னைக்குக் கஞ்சியக் குடிச்சிட்டு, வயிறு சரியில்லன்னு சொல்லிட்டு இருப்பா,” என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

அண்ணன் டீயை எடுத்தார். டீத்தட்டைப் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

“ஜின்சிய அனுப்புவோம். ஒரு வார்த்தை தப்பாச் சொல்லமாட்டா.”

“அவ வார்த்தையே சொல்லமாட்டாளே,” என்றாள் அம்மா.

“அதான் நான் சொல்லுதேன்.”

கடவம் இரண்டு நாளில் நிறைந்தது. அரிசி, எண்ணெய், கருப்பட்டி, ஒரு சீப்புப் பழம், அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு வேண்டிய சிறுபயறு, மேலே ஒரு நீலச் சேலை. நான் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘பாலன் பங்கு மாமி, உங்களுக்குத்தான்.’ இதைச் சொல்வது பெரிய காரியமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாமி கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பெஞ்சின் மேல் அவள் வைத்த கிறிஸ்மஸ் குடில். வைக்கோல் கூரை, மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள். சுற்றிலும் தேங்காய்ச் சிரட்டைகளில் கேப்பை முளைத்துப் பச்சையாக நின்றது. குழந்தை படுக்கிற இடம் மட்டும் காலி. நடுராத்திரிப் பூசை முடிந்துதான் பாலனை வைப்பார்கள்.

“பாலன் பங்கு மாமி,” என்றேன்.

‘உங்களுக்குத்தான்’ என்று சொல்வதற்குள் மாமி முந்திக்கொண்டாள்.

“வந்தியா? ரெண்டு நாளா வாசலப் பாத்துட்டு இருக்கேன். கால் இப்பிடிக் கெடக்குன்னு எனக்க வீட்ட விட்டுட்டுப் போயிருவீங்களோன்னு நெனச்சேன். உள்ள போ மக்கா. அடுக்களையில தேங்கா இருக்கு, எடுத்து வையி.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பங்கு வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று சொல்வதும் அதே இரண்டு சொல்தான். ‘பாலன் பங்கு.’

“இல்ல மாமி…”

“என்ன இல்ல? அலமாரிக்குக் கீழ பாரு.”

பார்த்தேன். ஒரு தேங்காய் இருந்தது. ஒன்றுதான் இருந்தது. பக்கத்தில் தாளில் பொதிந்த நெத்திலிக் கருவாடு. மற்ற டப்பாக்களைத் திறக்காமலே தெரிந்தது.

“கருவாட்டையும் வையி. நல்லா வையி. எனக்குக் கால்தான் ஒடிஞ்சிருக்கு, கை ஒடியல்ல.”

வைத்தேன். மாமி எட்டிக் கடவத்துக்குள் பார்த்தாள். சேலையின் ஓரத்தை விரலால் தேய்த்து, “நல்ல துணி,” என்றாள். “யாருக்கு இந்த வருஷம்?”

நான் கடவத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

“சொல்லமாட்ட. நல்ல பிள்ள. சொல்லவும் பிடாது.”

கடவம் போனதைவிடக் கனமாகத் திரும்பி வந்தது. டைட்டஸ் அண்ணன் எங்கள் வாசலிலேயே காத்திருந்தார். தேங்காயைக் கையில் எடுத்துப் பார்த்தார். கருவாட்டை மோந்து பார்த்தார்.

“குடுக்கப் போன பிள்ள வாங்கிட்டு வந்திருக்கு,” என்றார்.

அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமியிடம் இருந்த ஒரே தேங்காயும் இப்போது எங்கள் வீட்டில் இருந்தது.

மறுநாள் அண்ணனும் என்னோடு வந்தார். கடவத்தை எடுக்கவில்லை. முதலில் பேச்சு, பிறகு கடவம் என்பது அவர் திட்டம்.

“யக்கா, ஒரு யோசனை கேக்கணும்,” என்றார். “இந்த வருஷம் பங்கு போற இடம் கொஞ்சம் வீம்பு பிடிச்ச இடம்.”

“யாருலே அவ?”

“பேரு சொல்லப்பிடாதுல்லா.”

“வாய் எப்பிடி?”

“நீளம்.”

“அப்ப நேரா நீட்டினா வாங்கமாட்டா,” என்றாள் மாமி. காலைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒரு மாதமாக அந்த முகத்தில் இல்லாத உற்சாகம். “நான் ஒரு வழி சொல்லுதேன், கேட்டியா? முதல்ல நீ அவகிட்ட எதையாவது கேளு. சும்மாக் கேக்கப்பிடாது, நெசமாவே உனக்கு வேண்டியதா இருக்கணும். ஒரு கொத்துக் கறிவேப்பில, ஒரு தீப்பெட்டி. அவ குடுப்பா. குடுத்த கை அப்ப கொஞ்சம் எளகியிருக்கும். அந்த நேரத்துல கடவத்த எறக்கி வச்சிட்டு, ‘இது இங்க இருக்கட்டும், பிறவு வந்து எடுக்கேன்’னு சொல்லிட்டு வந்துரணும்.”

“பிறவு?”

“பிறவு போகப்பிடாது. அதுதான் வித்தை.”

அண்ணன் தலையை ஆட்டினார். என்னால் ஆட்ட முடியவில்லை. அந்த வாக்கியத்தை நான் கேட்டிருக்கிறேன். அப்பா படுக்கையில் கிடந்த வருஷம். நான் நான்காம் வகுப்பு. மாமி எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். கடவத்தை வைத்துவிட்டு, பிறவு வந்து எடுக்கேன் என்று போனாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து, நான் அவள் பின்னால் ஓடப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

“இப்பத்தான் உனக்கு விளங்குதா?” என்றாள் அம்மா. “அந்தக் கிறிஸ்மஸுக்கு நீ போட்ட பச்சைப் பாவாடை எங்க இருந்து வந்துதுன்னு நெனச்ச?”

மாமியிடம் என்ன கேட்பது என்று அன்று முழுக்க யோசித்தேன். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை மரமே நின்றது. தீப்பெட்டியும் இருந்தது. இல்லாததைக் கேட்டால் பொய்யாகிவிடும். பொய் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தச் சிக்கலை டைட்டஸ் அண்ணனின் ஆடு தீர்த்து வைத்தது.

தெருமுனையில் அன்பியத்தின் பெரிய குடில். என் பட்டத்துக்கு எங்கள் தெரு கொடுத்த ஒரே வேலை அந்தக் குடிலுக்குப் புல் வளர்ப்பது. சிரட்டைகளில் கேப்பை விதைத்து, நிழலில் வைத்து, வெளிச்சம் பார்த்துத் திருப்பித் திருப்பி வைத்து வளர்த்திருந்தேன். இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் அவற்றைக் குடிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது ஆடு குடிலுக்குள் மாதாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. சிரட்டைகளில் மண் மட்டும் மிச்சம்.

அண்ணன் ஓடி வந்தார். ஆட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

“தொழுவத்துல பொறந்தவரு. ஆடு பசிச்சுத் தின்னதுக்குக் கோவிக்கமாட்டாரு,” என்றார்.

நான் வீட்டுக்கு ஓடிப்போய்க் கடவத்தை இடுப்பில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

“எங்க போற?” என்று தெருமுனையிலிருந்து கேட்டார் அண்ணன்.

“புல்லு கேக்க,” என்றேன்.

மாமி அதே இடத்தில் இருந்தாள். அறை முழுக்கச் சுத்தமாகக் கூட்டியிருந்தது. ரெனிஷ் போனமுறை வந்தபோது வாங்கிய பெரிய ஸ்டார் வாசலில் தொங்கியது. மின்வெட்டு நேரம், எரியவில்லை.

“மாமி, டைட்டஸ் அண்ணனுக்க ஆடு தெருக்குடில்ல இருந்த புல்லெல்லாம் தின்னுட்டு. உங்க புல்லு வேணும்.”

என் ஆயுளில் நான் அவளிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மாமி சிரித்த சிரிப்பில் ஊன்றுகோல் கீழே விழுந்தது.

“அந்த ஆட்டுக்கும் அவனுக்க வாய்தான். எடுத்துக்கோ மக்கா. எல்லாம் எடு. பாலன் தெருவுலதான் முதல்ல பொறக்கணும், எனக்க வீட்டுல பிறவு பொறந்தாப் போதும்.”

சிரட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு தட்டில் அடுக்கினேன். மாமியின் குடில் மொட்டையாகிவிட்டது. கடவத்தைப் பெஞ்சின் அருகே இறக்கி வைத்தேன்.

“இது இங்க இருக்கட்டும் மாமி. பிறவு வந்து எடுக்கேன்.”

மாமி சிரிப்பதை நிறுத்தினாள். கடவத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரின் அந்தப் பக்கம் அம்மாவின் பாத்திரச் சத்தமும் நின்றுபோனது.

“ஏட்டி,” என்றாள் மெதுவாக. “எனக்க வித்தைய எனக்கிட்டயே காட்டுதியா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“நீளமான வாயி நான்தானா?”

நான் தட்டிலிருந்த சிரட்டைகளை நேராக்கினேன்.

“கொண்டு போ. என்ன விட இல்லாதவங்க ஊருல எத்தன பேரு இருக்காவ. நான் குடுக்கவ. வாங்குதவ இல்ல.”

போய்விடலாம் என்று தட்டை எடுத்தேன். கண் குடிலில் விழுந்தது. புல் இல்லாமல் எல்லோரும் வெறும் பலகையில் நின்றார்கள். மூன்று ராஜாக்களும் கையிலிருந்த காணிக்கைப் பெட்டிகளை, காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

“அவங்க கொண்டு வந்தப்போ மாதா வேண்டாம்னு சொன்னாவளா மாமி?” என்றேன்.

மாமி திரும்பிக் குடிலைப் பார்த்தாள்.

“பாலன் முதல்ல வாங்கத்தானே செஞ்சாரு,” என்றேன். “குடுக்கதெல்லாம் பிறவுதானே.”

பிறகு மாமி சொன்னாள். “மாதா வேண்டாம்னு சொல்லியிருப்பா. கைக்குழந்தையோட எந்திரிச்சுத் தடுக்க முடியாமப் போச்சு.”

“உங்களாலயும் எந்திரிக்க முடியாதுல்லா.”

மாமி அதுவரை என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கடவத்தைக் கையால் எட்டி இழுத்தாள். சேலையை மடியில் வைத்தாள். அரிசியை அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, “டைட்டஸு வாங்கினதா? நொய் கெடக்கு,” என்றாள். கையை உள்ளே விட்டவள் ஒரு தேங்காயை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, இது எனக்க தேங்காயில்லா?”

“ஆமா மாமி.”

“கருவாடு?”

“அதுவும் உண்டு. உங்க பங்கும் இதுல உண்டு.”

மாமி அந்தத் தேங்காயை மடியில் சேலைக்கு மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. இடையில் கொஞ்சம் அழுதாளோ என்னவோ, நான் சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நின்னுட்டு என்ன பாக்க?” என்றாள். “புல்லக் கொண்டு வச்சிட்டு ஓடி வா. பயற வறுக்கணும். உனக்க அம்மையையும் கூப்பிடு, அவ பாகு பிடிச்சா கல்லாட்டம் இருக்கும், நான் பாத்துக்குடுதேன். பொழுது விடியதுக்குள்ள முந்திரிக்கொத்து எல்லா வீட்டுக்கும் போகணும். டைட்டஸுக்க வீட்டுக்கு ரெண்டு கூட வையி. ஒண்ணு ஆட்டுக்கு.”

“நான் எல்லாம் கேட்டேன்,” என்றது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல். “என் பாகுக்கு என்ன கொறச்சல்?”

அம்மா மாமி வீட்டுக்குள் நுழைய, நான் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். கரண்ட் வந்தது. வரிசையாக எல்லா வீட்டு ஸ்டார்களும் எரிந்தன, மாமி வீட்டு ஸ்டாரும்.

டைட்டஸ் அண்ணன் தெருமுனையில் ஆட்டைப் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார். என் இடுப்பில் கடவம் இல்லாததைப் பார்த்தார். கையிலிருந்த பச்சைப் புல்லைப் பார்த்தார். நான் சிரட்டைகளைக் குடிலில் வைத்து முடிப்பதற்குள் மாமி வீட்டு அடுக்களையிலிருந்து பயறு வறுபடும் வாசனை வரத் தொடங்கியது.

“அவகிட்ட என்ன சொன்ன?” என்றார்.

“ஒண்ணும் சொல்லல்ல அண்ணே.”

“அதுக்குத்தானே உன்ன அனுப்பினேன்,” என்று சொல்லிவிட்டு, ஆட்டைக் குடிலிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்.