பைக்கா, பானைக்கா?

எர்மெலிந்தாவின் கொசுறு எங்கள் சந்தையில் பேர்போனது. இரண்டு கிலோ உருளைக்கிழங்கு வாங்கினால், கோலிக்குண்டு அளவில் இரண்டு கிழங்கைத் தேடி எடுத்துப் பைக்குள் போடுவாள்.

"இத நட்டு வச்சுத்தான் சாப்பிடணுமா?" என்று யாராவது கேட்டால், "நடு கசேரா, மூட்ட மூட்டயா விளையும்" என்பாள்.

லிமாவில் எந்தச் சந்தைக்குப் போனாலும் வாங்குகிறவளும் விற்கிறவளும் ஒருவருக்கொருவர் கசேராதான். எவ்வளவு அவசரமானாலும் கொசுறு வாங்காமல் யாரும் நகர மாட்டார்கள். அவளுக்கு அடுத்த கடை என்னுடையது. காரட்டும் பூசணிக் கீற்றும் விற்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ராத்திரி வேலை முடிந்து வந்த நர்ஸ் மரிலூஸ் மூன்று கிலோ வாங்கினாள். இரண்டு கையிலும் பை.

"கொசுறு வேண்டாம் கசேரா, இதுக்கு மேல தூக்க முடியாது. குன்று மேல பொதுப்பானை வைக்கிறாங்கல்ல, அவங்களுக்குக் குடுத்துடு."

சந்தைக்குப் பின்னால் குன்றின் மேல் நாற்பது வீட்டுக்காரர்கள் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன, படியேறிப் போய்க் கொடுக்க யாருக்கு நேரம்? எர்மெலிந்தா அந்த இரண்டு கிழங்கையும் ஒரு வெறும் சாக்கில் போட்டாள். அந்தச் சாக்கைத் தராசுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினாள். அடுத்து வந்தவளிடம் கேட்டாள்:

"கொசுறு பைக்கா, பானைக்கா?"

அவ்வளவுதான். பர்ஸைத் திறக்க வேண்டாம், எங்கேயும் போக வேண்டாம். "பானைக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்துப் பேரில் எட்டுப் பேர் சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் பானைக்குச் சமைக்கிறவர்கள் இறங்கி வந்து சாக்கை எடுத்துப் போனார்கள்.

ஆனால் எர்மெலிந்தா எதிர்பாராத ஒன்றும் நடந்தது. இத்தனை வருஷம் கோலிக்குண்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் இப்போது மல்லுக்கு நின்றார்கள்.

"எனக்குன்னா வாய மூடிட்டுப் போயிருப்பேன். இது பானைக்கு. பெருசாப் போடு."

"ஊரான் வயித்துக்கு நீ எதுக்குப் பேரம் பேசுற?"

"பேசுவேன். போடு."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாக்கு மாட்டுறேன்னு உன் கழுத்துக்கே சுருக்கு மாட்டிக்கிட்டியே அக்கா" என்றேன்.

அந்தச் சிரிப்பு நாலு நாள்கூட நிலைக்கவில்லை. என்னிடம் வாங்கியவர்களும், "உங்கிட்ட மட்டும் பானைக்குக் கிடையாதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பானைக்கு என்றால் நான் பெட்டிக்கு அடியில் கையை விட்டு, கறுத்ததும் வெடித்ததுமான காரட்டை எடுத்து எர்மெலிந்தாவின் சாக்கில் போட்டேன். உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள்?

மூன்றாவது சனிக்கிழமை ஒருத்தி பார்த்தாள். பானைக்குச் சமைக்கிற யெனி. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை சுருட்டிய சட்டை. நேரே என் பலகைக்கு வந்து, கொண்டுவந்த பையைக் கவிழ்த்தாள். கறுத்த காரட் பலகை முழுவதும் உருண்டது. சுற்றி ஐந்தாறு பேர் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

"எங்ககிட்ட காசுதான் இல்ல. மூக்கு இருக்கு" என்றாள். "இத உங்க வீட்டுப் பானையில போடுவீங்களா?"

எர்மெலிந்தா என்னைக் காட்டிக் கொடுப்பாள் என்று நினைத்தேன். அவள், "சாக்கு என்னோடதும்மா. நாந்தான் பாத்திருக்கணும்" என்றாள்.

அதைக் கேட்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "நான் போட்டது" என்றேன்.

யெனி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பேரு?"

"அமான்சியா."

"சரி அமான்சியா, அடுத்த சனிக்கிழமையும் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து கொசுறை நாங்கள் எடுத்துப் போடுவதில்லை. வாங்குகிறவளே குவியலில் பார்த்து ஒன்றை எடுத்துத் தன் கையால் போடுவாள். அவள் எடுப்பது எப்போதும் நல்லதாகத்தான் இருக்கும். எர்மெலிந்தா பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். வருஷம் முடிவதற்குள் எங்கள் வரிசையில் பதினாலு கடைகளில் சாக்குத் தொங்கியது. மீன்காரி மட்டும் வாளி வைத்தாள்.

பிப்ரவரியில் மலை சரிந்து நெடுஞ்சாலை அடைபட்டது. ஒன்பது நாளாக மலையிலிருந்து லாரி வரவில்லை. உருளைக்கிழங்கு இரண்டு மடங்கு விலை ஏறியது. ஜனங்கள் எண்ணி வாங்கினார்கள். எர்மெலிந்தா சாக்கைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"இந்த வாரம் கேக்க வேண்டாம்டி. வாங்குறவங்களுக்கே பத்தாது."

மரிலூஸ் வந்தாள். நாலே நாலு கிழங்கு வாங்கினாள். வெறும் ஆணியைப் பார்த்தாள்.

"சாக்கு எங்க?"

"விக்கிற விலையில கொசுறு ஏது கசேரா?"

"உன் கொசுற யாரு கேட்டா? என் நாலுல ஒண்ணப் போடுறேன். மாட்டு."

எர்மெலிந்தா மாட்டினாள். மரிலூஸின் கிழங்கு விழுந்ததும், தன் குவியலிலிருந்து உள்ளங்கை கொள்ளாத ஒன்றை எடுத்து அதன்மேல் போட்டாள். "நீ மட்டும் பெரிய மனுஷியா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் ஆளுக்கு ஒன்று போட்டார்கள். என் பூசணி கடற்கரைப் பக்கத்துச் சரக்கு, தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது. நான் கேட்காமலே கீற்றுக் கீற்றாகப் போட்டேன்.

சனிக்கிழமை சாக்கு கழுத்துவரை நிறைந்திருந்தது. யெனி வரவில்லை. மேலும் இருபது வீடுகள் பானைக்கு வந்துவிட்டதால் அடுப்பை விட்டு அசைய முடியவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கடையைச் சாத்திவிட்டு நாங்கள் இருவரும் சாக்கைத் தூக்கிக்கொண்டு படியேறினோம். எர்மெலிந்தாவுக்கு அறுபத்தொரு வயது. பத்துப் படிக்கு ஒருமுறை தன் முழங்காலைத் திட்டினாள், ஆனால் சாக்கின் முன்பக்கத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

மேலே தட்டோடு நூறு பேர் வரிசையில் நின்றார்கள். யெனி பாயை விரித்துச் சாக்கைக் கொட்டினாள். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். என் பூசணிக் கீற்று ஒன்றை எடுத்து முகர்ந்தாள்.

"நல்ல சரக்கு, அமான்சியா" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

முப்பது வருஷமாக விற்கிறேன். நல்ல சரக்கு, நல்ல சரக்கு என்று தினம் கத்துகிறவள் நான்தான். இன்னொருத்தி வாயால் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். நான் நிமிர்ந்து நின்றேன்.

"பூசணியவே பாத்துட்டு இரு" என்றாள் எர்மெலிந்தா, படியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தபடி. "என் கிழங்க யாரு பாக்குறது?"