மருந்துக்கு அசையாத கோடு

வகுப்பு முடிந்ததும் பலகையைக்கூட அழிக்காமல் வாத்தியாரம்மா செல்போனை எடுத்துப் பார்த்தாள். அப்பாவின் ரத்தச் சர்க்கரைக் கோடு மறுபடியும் மேலே ஏறியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட்ட இன்சுலின் இந்நேரம் அதைப் பிடித்துக் கீழே இழுத்திருக்க வேண்டும். இழுக்கவில்லை. ஊசியே காணாத உடம்பு மாதிரி அது தன் இஷ்டத்துக்கு ஏறி, தன் இஷ்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

வாத்தியாரம்மா என்பது அப்பா வைத்த பெயர். பெரியவர்கள் பேச்சில் தப்பு கண்டுபிடிக்கும் குழந்தையாக இருந்ததால் வந்தது. பிறகு அவள் நிஜமாகவே கல்லூரியில் பாடம் நடத்தப் போனதும் கேலியே உத்தியோகமாகிவிட்டது. அவள் நடத்துவது கட்டுப்பாட்டியல். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத ஒன்றை வெளியிலிருந்தே புரிந்துகொண்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி வைக்கிற கணக்கு. கொதிகலனோ விமானமோ மனித உடம்போ, வழி ஒன்றுதான்: ஒன்றைக் கொடுத்துப் பார், என்ன திரும்பி வருகிறது என்று கவனி, வந்ததை வைத்து அடுத்த தடவை கூட்டு அல்லது குறை. சர்க்கரை நோயாளிக்கு அடுத்த வேளை எவ்வளவு இன்சுலின் என்று சொல்லும் கணினி நிரல் ஒன்றை அவளுடைய குழு எழுதியிருந்தது. மருத்துவர்கள் மேற்பார்வையில் அதைச் சோதித்தபோது அப்பா தானாகவே பெயர் கொடுத்தார். மேல்கையில் பொத்தான் போல ஒட்டிக்கொள்ளும் சென்சார் ஒன்று சர்க்கரையை அளந்து அப்பாவின் செல்போனுக்கு அனுப்பும். செல்போன் அளவு சொல்லும். சித்தி ஊசி போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று அதில் அமுக்குவாள். கோடு மட்டும் ஊர் தாண்டி வாத்தியாரம்மாவின் கைக்கும் வந்து சேரும்.

நிரலுக்குச் சந்தேகப்படத் தெரியாது. கொடுத்தது போதவில்லை என்று மட்டுமே அதற்குப் புரியும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், மருத்துவர் வைத்த உச்சவரம்பில் முட்டிக்கொண்டு நின்றது. சென்சாரில் கோளாறாக இருக்கும், மாற்றிப் பாருங்கள் என்றார் மருத்துவர். மாற்றினார்கள். புதியதும் அதே கதையைத்தான் சொன்னது. வாத்தியாரம்மா தன் மேஜையில் உட்கார்ந்து, மருந்து என்ற ஒன்றே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்த்தாள். அச்சில் வார்த்த மாதிரிப் பொருந்தியது. அத்தனை மருந்தும் நிஜமாகவே உள்ளே போயிருந்தால் அப்பா எப்போதோ மயங்கி விழுந்திருப்பார். அவரோ பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்தும் லட்சணத்தைப் பற்றிப் போனில் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறார். ஆக, மருந்து உள்ளே போகவில்லை. மருந்து போடுகிறவள் சித்தி.

அந்த நினைப்பு அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனால் வந்தது வந்ததுதான். அம்மா போய்ப் பல வருஷம் கழித்து, வாத்தியாரம்மா வேலைக்குச் சேர்ந்த பிறகு, அப்பா கட்டிக்கொண்ட பெண் சித்தி. வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு, துணிகளைப் பிரித்தும் பிடித்தும் தைத்துக் கொடுக்கிறவள். குரல் உயர்த்தியதில்லை, ஒரு குறை சொன்னதில்லை. வாத்தியாரம்மாவுக்கு அதுவே உறுத்தல். நீ என்றும் கூப்பிடமாட்டாள், நீங்க என்றும் கூப்பிடமாட்டாள். இரண்டுக்கும் இடம் வைக்காமல் பேச்சை வளைத்துக்கொண்டு போவாள். இப்போது யோசித்தால் ஒவ்வொன்றும் துருத்திக்கொண்டு தெரிந்தது. வீடியோவில் கூப்பிட்டால் சித்தி திரைக்கு வெளியே நகர்ந்துவிடுகிறாள். ஊசி சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்டால், கேட்டு முடிப்பதற்குள் அப்பாவே முந்திக்கொண்டு, எல்லாம் டாண் டாண்னு நடக்குது என்கிறார்.

சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறினாள்.

சித்திதான் கதவைத் திறந்தாள். கழுத்தில் அளவு நாடா, வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரை மூடிய கை. “எப்ப கிளம்பினது? ஒரு போன் பண்ணியிருக்கலாமே” என்றாள். முகத்தில் ஒரு கணம் ரத்தமே இல்லை. வாத்தியாரம்மா அதைப் பார்த்து மனசில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் ஃபிரிட்ஜைத் திறந்தாள். இன்சுலின் ஊசிப் பேனாக்கள் வரிசையாக இருந்தன, இருக்க வேண்டியதைவிட அதிகமாக. அப்பா மகளைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார், தடுமாறாமல், நன்றாகத் தேறின உடம்போடு. அது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கணக்குக்கு ஒத்துவராமலும் இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு முன் அப்பா, கொஞ்சம் அப்புறம் போட்டுக்கலாம் என்று ஊசியைத் தள்ளிப்போடப் பார்த்தார். வாத்தியாரம்மா விடவில்லை. அப்பாவின் செல்போனை எடுத்து அளவைத் தானே படித்துவிட்டு, சித்தியின் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சித்தி பேனாவின் அளவுத் திருகைத் திருப்பினாள். பத்தில் நிறுத்தினாள்.

“செல்லுல இருபத்திநாலுன்னு இருக்கு” என்றாள் வாத்தியாரம்மா. “பத்துதான் வச்சிருக்கீங்க. மிச்சம் எங்க போகுது சித்தி?”

சித்தி பேனாவைக் கீழே வைத்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

“அவள எதுக்குக் கேக்குற? என்னைக் கேளு” என்று அப்பா சட்டைப் பொத்தான்களைக் கழற்றி இரண்டு மேல்கையையும் காட்டினார். இரண்டும் வெறுமையாக இருந்தன. சித்தி தன் இடது கையின் துணியை மேலே சுருட்டினாள். சென்சார் அங்கே ஒட்டியிருந்தது.

அப்பா பேசிக்கொண்டே போனார். ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர். பக்கத்தில் உட்கார்ந்து யாரும் அவருக்கு கியர் போட்டுக் கொடுத்ததில்லை. மகள் ஆராய்ச்சிக்கு ஆகட்டுமே என்றுதான் பெயர் கொடுத்தார். கொடுத்த பிறகு, ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால் தட்டைக் கழுவுவதற்குள் மகளிடமிருந்து போன் வந்தது. கழற்றிவிட்டேன் என்றால் மகள் மனசு விட்டுப்போவாள் என்று அடுத்த சென்சாரைச் சித்தி கையில் ஒட்டிவிட்டார். பழையபடி விரலில் குத்திப் பார்த்து, பழைய டாக்டர் சொன்ன அளவையே போட்டுக்கொள்கிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுவிட்டு, பிடிபட்ட பையன் மாதிரி சிரித்தார்.

வாத்தியாரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. பொய்க் கணக்கில் குழு முழுவதும் உழைத்ததைச் சொன்னாள். இருபத்திநாலை நம்பி ஒரு நாள் நிஜமாகவே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

கோடு பொய்யில்லை. யாரோ ஒருவருடைய கோடு அது. காலையில் மெல்ல ஏறி, மதியம் உச்சியில் நின்று, ராத்திரி முழுக்க இறங்க மனமில்லாமல் கிடக்கும் கோடு. மருந்தே இல்லாத உடம்பு என்று வைத்தபோது கச்சிதமாகப் பொருந்திய கணக்கு. அத்தனை நாளும் அதைக் கண்கொட்டாமல் பார்த்தவள் அவள். அதில் ஒரு திருட்டைத் தேடினாள்.

“சித்தி, ரொம்ப தாகம் எடுக்குதா?”

“மெஷின் மிதிக்கிறேன்ல, எடுக்கும்.”

“கண்ணு மங்கலா இருக்கா?”

“ஊசி கோக்கக் கொஞ்சம் நேரமாகுது.” பிறகு சித்தி மெதுவாகச் சொன்னாள். “செல்லுல சிவப்பு சிவப்பா வரும். அவருக்கு வெச்ச மெஷின்தானே, என் கையில தப்பாக் காட்டுதோன்னு நெனச்சேன். நெசமா இருந்தா அந்தப் பக்கம் பாக்குற ஆளு கேக்காமலா இருக்கும்னு விட்டுட்டேன்.”

அப்படியா, இல்லை யாராவது பார்த்துக் கேட்கட்டும் என்றே ஒட்டிக்கொண்டு இருந்தாளா? வாத்தியாரம்மா அதைக் கேட்கவில்லை. அப்பாவின் சிரிப்பு மட்டும் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் சட்டையைப் போடவும் மறந்து, அலமாரியிலிருந்து விரல் குத்தும் கருவியை எடுத்து வந்தார். தினமும் அவர் விரலைப் பிடித்துக் குத்துகிறவள் சித்தி. இன்றைக்கு அவர் பிடித்தார். சித்தி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிறவள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“வலிக்காது” என்றார் அப்பா.

சொட்டு ரத்தம் சோதனைப் பட்டையில் ஊறியது. கருவி எண்ணைக் காட்டுவதற்குள் வாத்தியாரம்மா, தான் எதைச் செய்கிறோம் என்று தெரியாமலே, சித்தியின் இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். ஈரமாக, சில்லென்று, விரல் நுனியெல்லாம் சொரசொரப்பாக இருந்தது அந்தக் கை.