காலுக்கு ஒருத்தி

அறுவை அரங்கில் நெஞ்சுப் பக்கம் ஐந்து பேர் நிற்பார்கள். கால் பக்கம் அவள் ஒருத்தி நிற்பாள். இருபத்து மூன்று வருடமாக இதுதான் ஏற்பாடு. இதயத்தில் அடைப்பு வந்தவருக்கு அடைப்பைத் தாண்டிப் புதுப் பாதை போட வேண்டும். அந்தப் பாதைக்கு ஒரு ரத்தக்குழாய் வேண்டும். அது அவருடைய காலிலேயே இருக்கிறது. அதைக் கிள்ளாமல், கிழிக்காமல், இழுக்காமல் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. கூட வேலை செய்கிறவர்கள் அவளைக் 'காலக்கா' என்பார்கள். "ஊரார் காலைப் பிடிச்சே பொழைக்கிறவ நான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கூடச் சிரிக்க ஆள் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

குணமானவர்கள் சர்ஜன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவார்கள். மயக்க மருந்து கொடுத்தவருக்குக்கூட ஒரு கும்பிடு கிடைக்கும். காலைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் அது புகாராகத்தான் இருக்கும். "நெஞ்சு பரவாயில்லைங்க, இந்தக் காலுதான் உசிரை எடுக்குது." யார் வெட்டியது என்று ஒரு பிள்ளை கேட்டதில்லை. என்னமோ தூங்கி எழுந்தபோது தானாக முளைத்த காயம் போலத்தான் பேசுவார்கள். அதற்கெல்லாம் ஏங்குகிற வயதா எனக்கு என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சுத்தப் பொய். நன்றாகவே ஏங்கினாள். காலையில் குடித்த காபிக் குவளை மாலையில் வைத்த இடத்திலேயே இருக்கிற வீடு அவளுடையது. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, 'இதைச் செய்தது நீங்களா' என்று கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

கேட்டவர் மீட்டர்காரர்.

ஐம்பத்தாறு வயது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற வேலை. மூன்று அடைப்பு. ஒன்றுக்கு நெஞ்சிலிருந்தே குழாய் எடுத்துக்கொள்வதாகச் சர்ஜன் சொல்லிவிட்டார். மற்ற இரண்டுக்கும் கால்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம், ஸ்கேன் கருவியைத் தள்ளிக்கொண்டு அவள் வார்டுக்குப் போனாள். தொடையில் பசையைத் தடவி, கருவியை நகர்த்தி, குழாய் ஓடுகிற வழியைப் பேனாவால் தோல்மேல் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"கால் நரம்பை எடுத்து நெஞ்சுல வெப்பாங்களாமே" என்றார் அவர்.

நரம்பு வேறு, ரத்தக்குழாய் வேறு என்று முதல் பத்து வருடம் எல்லோருக்கும் பாடம் நடத்திப் பார்த்துவிட்டாள். யார் கேட்டார்கள். "ஆமா சார், நரம்புதான்" என்றாள்.

"இத்தனை வருஷம் கீழே கிடந்தது. இப்ப பதவி உயர்வு" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனா கோணலாக ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி போட்டாள்.

"வீட்ல யார் இருக்காங்க சார்?"

"தங்கச்சி வரும்" என்றார் சட்டென்று. பிறகு தன் காலைப் பார்த்தார். "நாளைக்கு இந்தக் காலை வெட்டப்போறது யாரு?"

இப்படி ஒரு கேள்வி அவளுக்கு வந்ததே இல்லை. 'எங்க டீம்' என்று சொல்லி நழுவியிருக்கலாம். "நான்தான்" என்றாள். குரல் தானாகத் தாழ்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு, அப்ப உங்ககிட்டயே சொல்லிடறேன். சின்னதா வெட்டுங்க. நான் இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. எவன் தோளையும் பிடிக்காம நானே ஏறிடணும்."

இந்தத் தொழிலில் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். தோலுக்குள்ளே என்ன இருக்கிறது என்பது உள்ளே போன பிறகுதான் தெரியும். அவளுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் ஒரு மனிதர் அவள் முகத்தைப் பார்த்து, அவள் கையை நம்பிக் கேட்டுவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் வாய் முந்திக்கொண்டது.

"முழங்கால்கிட்ட ஒண்ணு, மேலயும் கீழயும் ஒண்ணு ஒண்ணு. ரெண்டு விரல் அகலத்துக்கு மூணே மூணு வெட்டு. நானாச்சு சார்."

"வார்த்தை குடுத்துட்டீங்க" என்றார் மீட்டர்காரர். கைகூடக் குலுக்கினார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் அவள் பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

மறுநாள் காலை அவர் அரங்கில் மயக்க மருந்தில் கிடந்தார். நெஞ்சுப் பக்கம் கூட்டம் கூடிவிட்டது. அவள் முழங்காலின் உள்பக்கம் சின்னதாக வெட்டி, கேமரா வைத்த குழலை உள்ளே செலுத்தினாள். காற்றடித்ததும் தோலுக்குக் கீழே ஒரு சுரங்கம் விரிந்தது. எதிரே திரையில் குழாய் வெளேரென்று தெரிந்தது. கிளைகளை ஒவ்வொன்றாகச் சுட்டு, வெட்டி, மேலே மேலே போனாள். "சமர்த்தா வா" என்றாள் காலிடம். அவள் கால்களோடு பேசுவாள் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பேச வேறு ஆள் இல்லையே பாவம், பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

பாதித் தொடைவரை நன்றாகத்தான் வந்தது. அதற்கு மேலே குழாய் சுற்றியிருந்த சதையோடு ஒட்டிக் கிடந்தது. என்றைக்கோ அங்கே வீங்கிப் பழுத்து ஆறியிருக்க வேண்டும். ஸ்கேனில் அது பிடிபடவில்லை. மெல்லப் பிரிக்கப் பார்த்தாள். ஒரு கிளை அடியோடு பிய்ந்தது. திரை முழுக்கச் சிவப்பு.

"அக்கா, எவ்வளவு நேரம்?" திரைத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து சர்ஜன் கேட்டார்.

"அஞ்சு நிமிஷம் சார்."

இரண்டு வழி இருந்தது. கொஞ்சம் அழுத்தம் கொடுத்துப் பிடித்து இழுத்தால் குழாய் வந்துவிடும். வாக்கும் நிற்கும். இழுத்த குழாய் வெளிப் பார்வைக்குப் பழுதில்லாமல்தான் இருக்கும். உள்சுவர் நைந்திருக்கும், அவ்வளவுதான். ஒரு வருடத்திலோ ஐந்து வருடத்திலோ அது அடைத்துக்கொள்ளலாம், அடைக்காமலும் போகலாம். அப்படி அடைத்தால் அன்றைக்கு எவரும் இந்தக் காலையும் இந்தக் காலக்காவையும் தேடி வரப்போவதில்லை. இன்னொரு வழி, குழலை வெளியே எடுத்துவிட்டு, கத்தியை எடுத்து, முழங்காலிலிருந்து தொடை இடுக்குவரை நீளமாகத் திறப்பது. குழாய் பத்திரமாக வரும். அவர் கண் விழித்துப் பார்க்கும்போது ஒரு முழக் காயம் இருக்கும்.

இருபத்து மூன்று வருடத்தில் அவள் பெயரைக் கேட்காவிட்டாலும் ஆள் யாரென்று கேட்ட ஒரே மனிதர். "மன்னிச்சிடுங்க சார்" என்று காலிடம் சொல்லிவிட்டுக் கத்தியைக் கேட்டாள்.

குழாய் முழுசாக வந்தது. உப்புநீரைச் செலுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டுக் கசியவில்லை. சர்ஜன் வாங்கி விரல் நடுவே உருட்டிப் பார்த்து, "அருமையான குழாய்" என்றார். குழாயைத்தான் சொன்னார். அவள் உட்கார்ந்து தொடையைத் தைக்க ஆரம்பித்தாள். நெஞ்சுப் பக்கம் எல்லாம் முடிகிறவரை அவள் தைத்துக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் வார்டு நர்ஸ் வழியிலேயே மடக்கினாள். "அக்கா, உங்க ஆளு அந்தக் காலைப் பாத்ததுலேர்ந்து யார்கூடயும் பேசறதில்ல. கூட்டிட்டுப் போக ஆள் வரணும்னு அவர் குடுத்த தங்கச்சி நம்பருக்குப் போன் போட்டேன். 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னு சொல்லுது. மின்சார ஆபீஸ் புகார் நம்பரைக் குடுத்துட்டுப் படுத்திருக்காரு மனுஷன்."

சிரிக்க வேண்டிய விஷயம்தான். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அவள் உள்ளே போனாள். சாதாரணமாக ஆபரேஷனுக்குப் பிறகு போகவே மாட்டாள். போனாலும் யாரோ மாதிரி காலில் போட்ட கட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். மீட்டர்காரர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"சார், நான்தான்."

"தெரியுது."

"உள்ளே ஒட்டிக் கிடந்துச்சு. இழுத்திருந்தா சின்ன வெட்டோட முடிச்சிருப்பேன். ஆனா குழாய் கெட்டுப்போயிருக்கும். நெஞ்சுல வெக்கறது நல்லதா இருக்கணும்னுதான்..."

"நெஞ்சுல இருக்கறது எனக்குத் தெரியாதும்மா. எனக்குத் தெரியறது இதுதான்." போர்வையை விலக்கிக் காட்டினார். கால் வீங்கியிருந்தது. "வலிக்கும்னு பயந்தா சின்னதா வெட்டச் சொன்னேன்? வலி கெடக்குது. நானா எழுந்து, நானா மாடி ஏறி, கதவைச் சாத்திக்கிட்டா யார்கிட்டயும் போய் நிக்க வேண்டாம்னு பாத்தேன். தங்கச்சியோட பேசி எட்டு வருஷமாச்சு. ஒரு கல்யாணத்துல வார்த்தை தடிச்சுப்போச்சு. என் வார்த்தைதான். இப்ப போன் போட்டு, காலை முடக்கிக்கிட்டுக் கெடக்கேன், வான்னு கூப்பிடணுமா?"

அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினாள். "கூப்பிடத்தான் வேணும் சார்" என்றாள். "தனியா அனுப்ப மாட்டாங்க. தனியாப் போகலாம்னு நானும் எழுதித் தர மாட்டேன்."

"வார்த்தையும் தப்புவீங்க, வழியையும் அடைப்பீங்க" என்றார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவர் தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை. மனப்பாடமாகவே போட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் "நான்தான்" என்றார். அவள் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

தங்கை மறுநாளே வந்து இறங்கினாள். பெரிய பையும் பெரிய வாயுமாக வந்தாள். அண்ணனைத் திட்டினாள், ஆஸ்பத்திரியைத் திட்டினாள், கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு இன்னும் உரக்கத் திட்டினாள். "இதை வெட்டினது யாரு?"

"இவங்கதான்" என்று மீட்டர்காரர் வாசலில் நின்றிருந்த காலக்காவைக் காட்டினார்.

"ஏம்மா, மனுஷங்க காலும்மா இது. இப்படியா கிழிச்சு வெப்பீங்க?"

யாரும் அவளை இப்படித் திட்டியதில்லை. அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். என்னவோ உள்ளுக்குள் இதமாக இருந்தது. காயத்தை எப்படித் துடைப்பது, காலை எந்த உயரத்தில் தூக்கி வைப்பது, சிவந்தாலோ சூடாக இருந்தாலோ நீர் கசிந்தாலோ என்ன செய்வது என்றெல்லாம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். தங்கை திட்டுவதை நிறுத்திவிட்டு ஒன்றுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.

"ஏதாவது ஒண்ணுன்னா எனக்கே போன் போடுங்க. எந்த நேரம்னாலும்" என்று அவள் தன் எண்ணைச் சொன்னாள். எந்த நோயாளி வீட்டுக்கும் இதுவரை கொடுத்ததில்லை. எந்த நோயாளி வீடும் கேட்டதில்லை.

ஏழாம் நாள் அவர்கள் போனார்கள். போகும்போது மீட்டர்காரர் தலையை அசைத்தார். கோபம் தீர்ந்ததா இல்லையா என்று அதிலிருந்து சொல்ல முடியவில்லை.

வீட்டில் அவள் போனைச் சாப்பாட்டு மேசைமேல் கண்ணில் படுகிற மாதிரி வைத்துக்கொண்டாள். குளிக்கப் போனாலும் கையோடு எடுத்துப்போனாள். வீட்டுக்குப் போன ஓரிரு நாளில் எப்படியும் ஒரு சந்தேகம் வரும், எல்லோருக்கும் வரும். வரவில்லை. ஒரு தடவை மணி அடித்தது. பாய்ந்து எடுத்தாள். யாரோ யாரையோ தேடினார்கள்.

ஒன்பதாம் நாள் மாலை, கழுவ இருந்த ஒரே ஒரு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்காலுக்கு மேலே கொஞ்சம் சிவந்திருக்கலாம் என்று ஒரு நினைப்பு ஓடியது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு தையலில் லேசாக நீர் கசிந்தால்கூடப் போதும், அந்தத் தங்கை பயந்துபோய்க் கூப்பிட்டுவிடுவாள். நினைத்து முடித்த பிறகுதான் தான் எதை நினைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. "சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா" என்று வாய்விட்டே சொன்னாள். அந்த வீட்டில் அன்றைக்குப் பேசப்பட்டது அது ஒன்றுதான்.

பதினைந்தாம் நாள் தையல் பிரிக்க அவர் வந்தபோது அவள் அரங்கில் இன்னொரு காலோடு இருந்தாள். எவ்வளவு வேகமாக முடித்தும் வெளியே வர மணி இரண்டாகிவிட்டது. முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வார்டுக்குப் போனாள்.

"இப்பதான் போனாங்க அக்கா" என்றாள் வார்டு நர்ஸ். "அண்ணனும் தங்கச்சியும் வழி நெடுக ஒரே சண்டை. மனுஷன் மாடி ஏறி எறங்கறாராம். அந்தக் கால் எவ்வளவு சுத்தமா ஆறியிருக்கு தெரியுமா, சர்ஜனே கூப்பிட்டு எல்லாருக்கும் காட்டினாரு."

"என்னைக் கேட்டாரா?"

"உங்களை எதுக்கு அக்கா கேக்கணும்? அதான் நல்லா ஆயிடுச்சே."

"அதுவும் சரிதான்" என்றாள் காலக்கா.