ஒரு ஜி குறைந்த செய்தி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் என் பக்கம் நிற்க மாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: சுவீடனின் ஹேர்னேசாந்து துறைமுகத்தில் மே மாதக் காலை மெல்ல விடிந்து— (வேண்டாம். மே மாதத்தில் இங்கே இருட்டுவதே பேருக்குத்தான்.)

இரண்டாவது: குனெலுக்கு முழங்கால் சரியாகிவிட்டது. அதுதான் சிக்கல்.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதுக்குத் துறைமுகத்தில் கூடி, குப்பை பொறுக்கிக்கொண்டே ஓடும் கூட்டம் இது. இருவர் இருவராக ஓடவேண்டும். ஒருவர் கையில் பை, மற்றவர் கையில் இடுக்கி. ஆறு வருடமாகக் குனெல் இடுக்கி, மாரித் பை. இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

இந்த ஓட்டத்துக்கு சுவீடன்காரர்கள் வைத்த பேர் ப்ளொகா. அவர்கள் மொழியில் எழுதும்போது ஜி என்ற எழுத்தை இரண்டு முறை போடவேண்டும். ஒரு ஜி விட்டுப்போனால் 'பனி வாருவது' என்று ஆகிவிடும். மாரித் முதன்முதலில் நோட்டீஸில் ஒரு ஜியை விழுங்கிவிட்டுப் படித்தாள். பொட்டுப் பனியில்லாத ஒரு நவம்பர் காலையில், பெரிய பனிவாரியைத் தோளில் சாத்திக்கொண்டு வந்து நின்றாள். எல்லோரும் சிரித்தார்கள். குனெல் மட்டும், "அதையும் கொண்டா, குப்பை அள்ளலாம்" என்றாள். அன்றிலிருந்து ஜோடி.

போன குளிர்காலத்தில் குனெல் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். அவள் இடத்துக்குத் தூவா வந்தாள், இருபத்தேழு வயது. ஏப்ரலில் குனெல் திரும்பிய பிறகும் இடுக்கி தூவா கையிலேயே இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்த ஊரில் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.*

* இங்கே உட்கார்ந்து கதை எழுதுவது இதனால்தான் கஷ்டம்.

3

தூவாவைக் கெட்டவளாக்க மூன்று முறை முயன்றேன். உதட்டுக்குள் வைத்திருந்த புகையிலைப் பொட்டலத்தை எடுத்துத் தரையில்— (இல்லை. டப்பா மூடிக்குள்தான் போடுவாள்.) நல்ல பெண். வயிற்றெரிச்சலே அதுதான்.

ஓடி முடித்துக் காபி குடிக்கும்போது தூவா அந்தப் பனிவாரிக் கதையைச் சொன்னாள், நேரில் பார்த்தவளைப் போலக் கையை ஆட்டி ஆட்டி. மாரித் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். குனெல் கடித்த ஏலக்காய் பன்னைத் தட்டிலேயே வைத்தாள்.

"அன்னைக்கு நீ அங்க இருந்தியா, தூவா?"

"இல்ல, மாரித் சொன்னா. ரொம்ப நல்லா சொல்லுவா."

"தெரியும்," என்றாள் குனெல். "நான் இருந்தேன்."

4

(கிழித்துவிட்டேன். இதில் குனெல் அழுதாள். அவள் அழ மாட்டாள்.)

5

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கே குனெல் வீட்டிலிருந்த வேறோர் இடுக்கியோடு தனியாகப் போனாள். மாரித்தும் தூவாவும் ஓடும் கடற்கரைப் பாதையில் ஒரு சிகரெட் துண்டுகூட விடாமல் பொறுக்கினாள். வெறும் பையோடு திரும்பட்டும், சேர்ந்து ஓட ஒரு காரணமும் இல்லாமல் போகட்டும் என்று. பாதை பளிச்சென்று ஆனது. அவள் மனசுதான் அழுக்கு.

வெறும் பையோடுதான் திரும்பினார்கள். "ஜனங்க திருந்திட்டாங்க போல," என்று தூவாவுக்கு ஒரே சந்தோஷம். மாரித் குப்பைத்தொட்டியின் ஓரத்தில் கிடந்த பையையே பார்த்தாள். அதன் வாயில் இரட்டை முடிச்சு. குனெலைத் தவிர வேறு யாரும் அப்படி முடிய மாட்டார்கள்.

6

முடிவு அ: மாரித் இடுக்கியை வாங்கிக் குனெலிடம் கொடுக்கிறாள். (சினிமா.)

முடிவு ஆ: குனெல் தூவாவிடம் மன்னிப்புக் கேட்— (அவளா?)

சரி, சொல்லிவிடுகிறேன். குனெல் என்று யாரும் இல்லை. ஆறு மணிக்குப் போனது நான், முடிச்சுப் போட்டதும் நான். என் பொறாமையை வேறொருத்திக்கு இரவல் கொடுத்தால் எனக்கு அசிங்கம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. தூவாவை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று மாரித்திடமிருந்து செய்தி வந்தது. ஒரே சொல், ஒரு கேள்விக்குறி. ஒரு ஜியோடு எழுதியிருந்ததால் பொருள், 'பனி வாரலாமா?' மே மாதம் முடியப்போகிறது, ஊரில் பனியே இல்லை. ஒரு ஜியைக் கைபேசி தானாகத் தின்றதா, அவளாகத்தான் விட்டாளா? அவளையே கேட்கலாம். எழுத்துப்பிழை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?

இன்று சனிக்கிழமை, மணி எட்டரை. வாசலில் இடுக்கியும் இருக்கிறது, பனிவாரியும் இருக்கிறது. நான் எதை எடுத்துக்கொண்டு போகட்டும், நீங்கள் சொல்லுங்கள்.