பஞ்சு ரூம்

கதவின் உள்கைப்பிடியைக் கழற்றச் சொன்னது ஹம்சவேணிதான். அந்தப் பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

ஒலி, இசைத் தொழில்நுட்பம் என்று முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு இரண்டாம் ஆண்டுக்குள் ஒரு வியாதி வந்துவிடும். மின்விசிறி சுற்றினால் காற்று வருகிறதா என்று பார்க்க மாட்டார்கள், அது எந்தச் சுருதியில் முனகுகிறது என்று பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் இலையில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும், இவர்கள் ஸ்பீக்கரை முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஆனையூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் ஹம்சவேணிக்கு அந்த வியாதி கொஞ்சம் முற்றியே இருந்தது.

அவளுடைய கல்லூரி அழகர்கோவில் சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. ஒலித்துறைக் கட்டடத்தின் கடைசியில் ஜன்னலே இல்லாத ஓர் அறை உண்டு. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் கூர்கூராக வெட்டிய ஃபோம் ஒட்டியிருக்கும். உள்ளே கைதட்டினால் சத்தம் அங்கேயே விழுந்து செத்துப்போகும். வெளிச்சத்தம் உள்ளே வராது, உள்சத்தம் வெளியே போகாது. பிள்ளைகள் அதைப் பஞ்சு ரூம் என்பார்கள். அடித்தொனியில் ஏதாவது ஒலிக்கவிட்டால் அதன் இரும்புக் கதவின் உள்கைப்பிடி கிர்ரென்று அதிரும். அளவெடுப்பு ஒவ்வொரு தடவையும் அதனால் கெட்டது. கழற்றிவிடு என்றாள் ஹம்சவேணி. கூடப் படிக்கும் செல்வக்குமார் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து கழற்றி, வெளிமேசையின் இழுப்பறையில் போட்டான். உள்ளே ஒருவர் இருந்தால் வெளியே ஒருவர் இருக்கத்தானே போகிறார், அவர் திறந்துவிடுவார். படித்த பிள்ளைகள் இப்படித்தான் யோசித்தார்கள்.

இருவரும் சேர்ந்து ஒரு புரோகிராம் செய்திருந்தார்கள். அதற்குச் சல்லடை என்று பெயர். திருவிழாவில் மேளத்தைப் பதிவு செய்தால் கூட்டத்தின் இரைச்சலும் சேர்ந்து வருமல்லவா? பேச்சு, இருமல், விசில், கைதட்டல், மைக்கில் யாராவது இடித்துக்கொள்ளும் சத்தம் என்று மனிதர்கள் எழுப்பும் எதையும் சல்லடை நிறுத்திவிடும், மேளத்தையும் நாயனத்தையும் மட்டும் விடும். அதுவும் உடனுக்குடன். மைக்கில் போன சத்தம் ஹெட்போனுக்கு வருவதற்குள் சலித்து முடித்திருக்கும்.

அதற்கு அடங்காதது ஒன்றே ஒன்றுதான், குலவை. உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் செல்வக்குமாரின் ஊரில் முளைப்பாரித் திருவிழாவுக்குப் பதிவு செய்யப் போனபோதே அந்தத் தொல்லை ஆரம்பித்தது. அவனுடைய அத்தை செல்லத்தாய் மைக்குக்கு நேராக வந்து நின்றுகொண்டு குலவை போட்டாள். கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா என்று ஹம்சவேணி பணிவாகத்தான் கேட்டாள்.

"ஏத்தா, குலவை போடாம முளைப்பாரியத் தூக்கச் சொல்றியா? நல்லாருக்கே கதை," என்றாள் செல்லத்தாய். "நீயும் போடு வா. நாக்க அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டணும், தொண்டைய விட்டுறக் கூடாது. அம்புட்டுத்தான்."

சௌராஷ்டிர வீட்டுப் பெண்ணான ஹம்சவேணிக்குக் குலவை பழக்கமில்லை. முதல் தடவை காற்றும் எச்சிலும் வந்தன. இரண்டாம் தடவை வந்ததற்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை, பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "இன்னொருக்காப் போடுத்தா, வந்துரும்," என்று செல்லத்தாய் கையைப் பிடித்தாள். ஹம்சவேணி வெட்கப்பட்டுக் கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள்.

சல்லடை அந்தக் குலவையை நாயனத்துக்கு உறவு என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே விட்டது. வைவாவுக்கு முன் அதைச் சரிபண்ணாமல் என் முகத்தில் விழிக்காதீர்கள் என்று கைடு சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் கட்டடத்தில் இவர்கள் இருவரையும் வாசலில் வாட்ச்மேன் சோணையையும் தவிர யாருமில்லை. செல்வக்குமார் சிவந்த கண்ணோடு வந்திருந்தான்.

"குலவைக்கு ஒரு வழி பண்ணிட்டேன் ஹம்சா. போயிருச்சு மாதிரிதான் தெரியுது."

"மாதிரின்னா? போயிருச்சா, போகலையா?"

"செக் பண்ணிட்டுச் சொல்றேன். நீ மொதல்ல உள்ள போ. இன்னைக்கு மேளம் கிடையாது, உன் சத்தம் மட்டும்தான். அரை மணி நேரம் பேசு, பாடு, கைதட்டு, என்ன வேணாலும் பண்ணு. எனக்கு ஹெட்போன்ல எதுவும் கேக்கக் கூடாது. கேக்கலைன்னா நாம ஜெயிச்சோம்."

"அழுதாக்கூடவா?"

"அழு, கெஞ்சு, கொலை விழுந்த மாதிரிக் கத்து. அப்பத்தான் டெஸ்ட் சரியா இருக்கும்."

போன் உள்ளே இருந்தால் மைக்கில் இரையும் என்று அதை வெளிமேசையில் வைத்தாள். தண்ணீர் பாட்டிலையும் படிக்க ஒரு செய்தித்தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. காதில் பஞ்சு அடைத்ததுபோல உலகம் நின்றது.

அவள் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தாள். பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றைப் பாடினாள். இருமினாள், கைதட்டினாள், விசிலடிக்கப் பார்த்தாள். வெளியே செல்வா அமைதியைக் கேட்டுக் கேட்டுப் பூரித்துக்கொண்டிருப்பான் என்று நினைக்கும்போது சிரிப்பு வந்தது. அப்போதுதான் ரப்பர் கருகும் வாடை அடித்தது.

மூலையில், ஃபோமுக்குப் பின்னால் செருகியிருந்த பிளக் பாக்ஸிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. ஓடிப்போய் ஒயரைப் பிடித்து இழுத்தாள். பிளக் வந்துவிட்டது, புகை போகவில்லை. ஃபோம் உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள். சீறிற்று, கறுத்தது, கொஞ்சம் அடங்கியது போலிருந்தது. பிறகு பக்கத்து ஃபோமிலிருந்து புகை முன்னைவிடத் தடிப்பாக வந்தது. அந்தப் பஞ்சு எரிந்தால் நெருப்பைவிடப் புகைதான் ஆளைக் கொல்லும் என்று முதல் வருடம் பாடத்திலேயே படித்திருந்தாள். பரீட்சையில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

கதவுக்கு ஓடினாள். கை, கைப்பிடி இருந்த இடத்துக்குத் தானாகப் போயிற்று. அங்கே இரண்டு ஆணித்துளைகள் இருந்தன.

கதவைக் குத்தினாள். மெத்தையில் குத்தியதுபோலக் கை அமுங்கியது. மைக்குக்கு ஓடிவந்து, "செல்வா, கதவத் திற. தீப்பிடிச்சிருக்கு. டெஸ்ட் இல்ல, நெசமாச் சொல்றேன்," என்று கத்தினாள். கத்தி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இது எதுவும் அவனுக்குக் கேட்காது. கேட்காமல் இருப்பதற்காகத்தான் ஒன்றரை வருடம் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தார்கள்.

அவன் திரையில் மீட்டர் சிவப்புக்குப் போகும். அதைப் பார்த்து, நன்றாகத்தான் கத்துகிறாள் என்று சந்தோஷப்படுவான். இவள் உயிர் போகக் கத்தக் கத்த அவனுக்கு டெஸ்ட் அமோகமாக நடக்கும்.

பயத்தில் வீட்டுப் பாஷை வந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள், அப்பாவைக் கூப்பிட்டாள். சல்லடைக்குத் தமிழ்ப் பேச்சை மட்டும்தானே காட்டிப் பழக்கினோம், சௌராஷ்டிரம் தெரியாதே என்று ஒரு கணம் நம்பிக்கை பிறந்தது. அடுத்த கணமே செத்தது. சல்லடைக்கு எந்தப் பாஷையும் தெரியாது. அதற்கு மனிதத் தொண்டையைத் தெரியும், அவ்வளவே போதும்.

கைதட்டித் தப்பு மேளத்தின் அடியைக் கொட்டினால்? கைதட்டலைப் பிடிக்க அதற்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். மைக்கைத் தரையில் மோதினால்? அதையும்தான். மைக் ஒயரைப் பிடுங்கிவிட்டால்? பிடுங்கினால் அமைதிதான் கேட்கும், அவனும் அமைதியைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறான். வெளியுலகத்துக்கு இருந்த ஒரே வழியும் போய்விடும். அரை மணி நேரம் வரைக்கும் காத்திருக்கலாம் என்றால் புகை அவ்வளவு நேரம் காத்திருக்கிற மாதிரி இல்லை. கூரையிலிருந்து அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு பழுப்பாகத் தெரிந்தது.

குலவை.

உள்ளே வருவதற்கு முன் செல்வா என்ன சொன்னான்? வழி பண்ணிவிட்டேன் என்றான், போயிருச்சு மாதிரி என்றான். அந்த 'மாதிரி'யில்தான் இப்போது இவள் உயிர் தொங்கியது. ராத்திரி கண்விழித்து அவன் செய்த வேலை தோற்றுப்போயிருக்க வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டிக்கொண்டாள். கூடப் படிக்கிறவனுக்கு இப்படி யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

மைக் ஸ்டாண்டை இறக்கி, தரையோடு தரையாகக் குப்புறப் படுத்தாள். வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஈரமில்லை. பாட்டிலை உதறினால் ஒரு சொட்டுக்கூட இல்லை, எல்லாவற்றையும் நெருப்புக்கு ஊற்றியாயிற்று. உதட்டைக் கடித்தாள். ரத்தமோ எச்சிலோ, வாய் கொஞ்சம் நனைந்தது.

முதல் தடவை இருமல்தான் வந்தது. கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. நாக்கை அங்கிட்டும் இங்கிட்டும், தொண்டையை விட்டுவிடக் கூடாது. இரண்டாம் தடவை சத்தம் வந்தது, நாக்கு ஆடவில்லை. மூன்றாம் தடவை இரண்டும் வந்தன, ஆனால் ஒன்றோடொன்று சேரவில்லை. உடைந்து, வழுக்கி, இடையில் அழுகையும் புகுந்து, கேட்கவே சகிக்காத ஏதோ ஒன்று வெளிப்பட்டது. கல்யாணத்துக்கும் சாமிக்கும் போடுகிற சத்தத்தைச் சாகாமல் இருப்பதற்காகப் போட்டாள். மூச்சு இழுத்தால் நெஞ்சில் முள் குத்தியது. மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். கடைசியில் போட்டது வாயிலிருந்து வந்ததா, மனதுக்குள் போட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது.

"ஹம்சா, புரோகிராம்ல ஏதோ கோளாறு, நீ என்ன..." என்று தொடங்கியவன் புகையைப் பார்த்துவிட்டுப் பேச்சை விட்டான். தோளைப் பிடித்து வெளியே இழுத்தான். அவன் போட்ட கூச்சலில் சோணை மணல் வாளியோடு ஓடிவந்தார். "தள்ளுங்க, தள்ளுங்க தம்பி, அந்தப் பிள்ளைய வெளியில கொண்டு போங்க," என்று அவர் சத்தம் போட்டது ஹம்சவேணிக்கு வெகு தூரத்திலிருந்து கேட்டது. அதைவிட நல்ல சத்தத்தை அவள் அதற்குமுன் கேட்டதில்லை.

வராந்தாவில் உட்கார்ந்து இருமித் தீர்த்தாள். வயல் பக்கமிருந்து காற்று வந்தது. செல்வக்குமார் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"மீட்டர் சிவப்புலயே நின்னுச்சு," என்றான். "நான் சிரிச்சுக்கிட்டிருந்தேன் ஹம்சா. நீ பின்னி எடுக்குறதா நெனச்சேன். உக்காந்து சிரிச்சிருக்கேன்."

"விடு. குலவை கேட்டுச்சுல்ல?" அவள் குரல் கரகரத்தது. "உன் வேலை ஓடல. நல்லவேளை."

அவன் தரையைப் பார்த்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னடா?"

"வேலை ஓடிருச்சு ஹம்சா. நீ உள்ள போனவுடனே அத்தை குலவைப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். சல்லடை துளி மிச்சமில்லாமப் பிடிச்சிருச்சு. நீ வெளிய வந்ததும் சொல்லலாம்னு வச்சிருந்தேன்."

"அப்ப நான் போட்டது எப்படிக் கேட்டுச்சு?"

"நீ போட்டது குலவையே இல்ல," என்றான் அவன். "பேச்சும் இல்ல, பாட்டும் இல்ல. ஆட்டுக்குட்டி தொண்டையில எதுவோ சிக்குன மாதிரி இருந்துச்சு. அது என்னன்னு சல்லடைக்கும் தெரியல, எனக்கும் தெரியல. என்ன கோளாறுன்னு கேக்கத்தான் எந்திரிச்சு வந்தேன். நீ ஒழுங்கா மட்டும் போட்டிருந்தா..."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹம்சவேணி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அன்றைக்குச் செல்லத்தாயின் கை பிடித்த இடம் அது. இன்னொருக்காப் போடுத்தா, வந்துரும் என்றாள் அந்த மனுஷி. அன்றைக்கு வெட்கப்படாமல் இன்னொரு தடவை போட்டிருந்தால் வந்திருக்கும். வந்திருந்தால் இன்று நன்றாகப் போட்டிருப்பாள், சல்லடையும் நன்றாகப் பிடித்திருக்கும்.

சோணை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் வாங்கவில்லை. சுவரைப் பிடித்து எழுந்துபோய் வெளிமேசையின் இழுப்பறையைத் திறந்து, அந்தக் கைப்பிடியை எடுத்தாள்.

"இப்ப எதுக்கு அது? உள்ள இன்னும் புகை அடங்கல," என்றான் செல்வக்குமார்.

"அடங்கட்டும்," என்றாள். "நானே மாட்டணும்."

அதை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செல்வக்குமார் சொல்லியும் அவள் எழுந்திருக்கவில்லை.