சுல்மீரா லிஸ்பன் பார்த்த கதை

என் தம்பி வால்தெமாரின் மனைவி சுல்மீராவை நான் முதன்முதலாகப் பார்த்தது லிஸ்பனில், சாந்தா அப்பொலோனியா ரயில் நிலையத்தில். அவனே அதுவரை அவளைப் பார்த்ததில்லை. அவன் ஆப்பிரிக்காவில், மொசாம்பிக்கில் ரயில்வே வேலையில் இருந்தான். அவள் பிரகான்சா மலைப்பக்கத்துப் பெண். போட்டோ மாற்றிக்கொண்டார்கள், கடிதம் எழுதிக்கொண்டார்கள், பிறகு கல்யாணம். மாதா கோயிலில் மாப்பிள்ளை இடத்தில் அவளுடைய பெரியப்பா நின்று மோதிரம் போட்டுவிட்டார். சட்டப்படி செல்லும். அறுபதுகளில் எத்தனையோ பெண்கள் அப்படித்தான் கப்பலேறிப் போனார்கள்.

கப்பல் வெள்ளிக்கிழமை. அதுவரை எங்கள் வீட்டில் தங்கவைத்து, ஊரைச் சுற்றிக் காட்டி, பத்திரமாக ஏற்றி அனுப்புவது என் பொறுப்பு. அவள் இதற்குமுன் லிஸ்பனைப் பார்த்ததில்லை. கடலையும் பார்த்ததில்லை.

கிராசா மேட்டில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி ஜன்னலுக்குப் போனாள்.

"ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்கே. கொஞ்சம் படும்மா," என்றேன்.

"படுத்தா தூக்கம் வராதுக்கா. வெளிய போலாமா?"

என் கணவர் அபீலியோ செய்தித்தாளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். டிராம் டிரைவர், வாய் சும்மா இருக்காது. "கட்டினது பெரியப்பாவை, போறது வால்தெமார்கிட்ட. இதுல யாருக்குத்தான் தூக்கம் வரும்!"

நான் முறைத்தேன். ஆனால் அவள் சிரித்துவிட்டாள். "பெரியப்பா மோதிரம் போடறப்ப கை நடுங்கிச்சுண்ணே. பெரியம்மா முதல் வரிசையில உக்காந்து முறைச்சிட்டே இருந்தாங்க."

அந்தச் சிரிப்பில் எனக்கு அவளைப் பிடித்துப்போனது. சரி, கிளம்பு என்றேன்.

முதலில் கோட்டைக்கு. மேலே போய் நின்றால் கூரை கூரையாக ஊர் முழுக்கத் தெரியும், அதற்கப்பால் ஆறு. வருகிறவர்கள் எல்லோரும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு அரைமணி நேரம் நிற்பார்கள். இவள் ஒரு மூச்சு பார்த்தாள்.

"அடேயப்பா, இத்தனை வீட்டுக்கும் யாருக்கா ரொட்டி சுடறாங்க?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள், "கப்பல் எந்தப் பக்கம் நிக்குது?" என்று கேட்டாள்.

"இங்கருந்து தெரியாது. அந்தக் கடைசி, அல்காந்தராப் பக்கம்."

"அப்ப இறங்கலாம்."

இப்படியே எல்லா இடத்திலும். பைஷா கடைத்தெருவில் இரும்பு லிஃப்டில் ஏறினோம். மேலே கம்பிப் பாலத்தில் கால் வைத்ததும் வைக்காததுமாக, அடுத்தது எங்கே என்றாள். ரொசியு சதுக்கத்தில் ஆளுக்கொரு சிறு கிண்ணம், பழம் போட்ட செர்ரி மது வாங்கிக் குடித்தோம். நான் கொட்டையைத் துப்புவதற்குள் அவள் தெருவைக் கடந்து அந்தப்பக்கம் நின்றாள். ஊரைப் பார்க்கிற அவசரம் என்று சொல்ல முடியாது. எதையும் அவள் பார்த்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. நின்றால் ஏதோ ஒன்று அவளைப் பிடித்துக்கொள்ளும் என்பதுபோல ஓடிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே போய்ப் போய் எனக்கும் அந்தப் படபடப்பு தொற்றிக்கொண்டது. இரவு சோற்றில் உப்புப் போட்டேனா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை பெலேமுக்குப் போனோம். ஆற்றங்கரையில் புதிதாகக் கட்டிய அந்த வெள்ளைக் கல் சின்னம்: கப்பல் முகப்பு மாதிரி, இரண்டு பக்கமும் அந்தக் காலத்தில் கடல் கடந்து நாடு பிடிக்கப் போன மாலுமிகளும் பாதிரிகளும் ராஜாக்களும் வரிசையாக ஏறி நிற்பார்கள். அங்கேதான் அவள் முதல்முறையாக ஓரிடத்தில் நின்றாள். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சுற்றி வந்தாள்.

"எல்லாம் ஆம்பளைங்க. அதோ அந்த ஒருத்தி மட்டும் யாருக்கா?"

"ராணி."

"அவ எந்த ஊருக்குப் போனா?"

"அவ எங்கயும் போகலடி. பிள்ளைங்க போனாங்க."

ஆற்றோரமாகக் கொஞ்சதூரம் நடந்தாள். பிறகு கேட்டாள், "அவரு எப்படிப் பேசுவாரு?"

"யாரு, வால்தெமாரா? நல்லாத்தான் பேசுவான்."

"அது இல்லக்கா. குரல். கனமா இருக்குமா, கீச்சுக் குரலா?"

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவன் போய் ஒன்பது வருஷம். போகும்போது இருபது வயது. சின்னவயதில் என்னை அழைத்த குரல் காதில் இருக்கிறது, அது ஒரு பையனுடைய குரல். இப்போது எப்படி இருக்கும்? "கனமான குரல்தான்," என்று சொல்லிவைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது.

வியாழக்கிழமை காலையில் அவளுடைய பெட்டியைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் ஒப்படைத்துவிட்டு அபீலியோ வேலைக்குப் போய்விட்டார். போர்வை, துணி, அவள் அம்மா கொடுத்த பாத்திரங்கள், எல்லாம் அதில்தான். நான் அவளை மெட்ரோ காட்டக் கூட்டிப்போனேன். திறந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. பூமிக்கடியில் ரயில் என்றதும் அவள் கண் விரிந்தது.

ரொசியுவில் நல்ல கூட்டம். வண்டி வந்து நின்றதும் அவள் தாவி ஏறினாள். நான் ஒரு கிழவருக்கு வழிவிட்டேன், அவ்வளவுதான், கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையால் ஏதோ சைகை காட்டினாள். வண்டி போய்விட்டது.

அடுத்த வண்டியில் ஏறினேன். ஒவ்வொரு நிலையத்திலும் தலையை நீட்டிப் பார்த்தேன். கடைசி நிலையம்வரை போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். சீருடைக்காரரிடம் பச்சைக் கவுன், பின்னல் கொண்டை என்று அடையாளம் சொன்னேன். "மேடம், பச்சைக் கவுன் காலையிலருந்து எத்தனையோ பாத்துட்டேன்," என்றார். வீட்டுக்கு ஓடினேன். இல்லை. தெருமுனைக்கு வந்தேன். இல்லை. எங்கள் வீட்டு விலாசம் அவளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. நாளைக்குக் கப்பல். தம்பிக்கு என்ன பதில் சொல்வேன்? உன் பெண்டாட்டியைச் சுரங்கத்தில் தொலைத்துவிட்டேன் என்றா?

அபீலியோ சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டதும், முதல்முறையாக ஜோக் அடிக்காமல் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு தேடப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் படியேறி வந்தாள். செருப்பு கையில். குதிகாலில் தோல் உரிந்து ரத்தம். எனக்கு வந்த கோபத்தில் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். அதற்குள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் தானாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?"

"கப்பலப் பாக்கப் போனேன்."

அவள் சொன்னது இதுதான். மெட்ரோ கடைசி நிலையத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு டிராம் மாறி, துறைமுகத்துக்குப் போயிருக்கிறாள். அவளுடைய கப்பல் அமைதியாக நின்றதாம். ஆனால் பக்கத்துத் துறையில் ஒரே கூட்டம், அழுகை. பட்டாளக் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது, அங்கோலா சண்டைக்குப் போகிற பையன்கள். கரையெல்லாம் அம்மாக்களும் பெண்டாட்டிகளும். கூட்டம் இவளையும் உள்ளே தள்ளிவிட்டது.

"ஒரு அம்மா என் கையப் பிடிச்சிட்டாங்கக்கா. விடவே இல்ல. 'உன் ஆளு எங்க நிக்கறான் பாப்பா, காட்டு'ன்னாங்க. என்னன்னு சொல்றது? மேல பாத்தேன். கம்பியோரமா காது பெருசா ஒரு பையன். அவனுக்கு யாருமே கையாட்டல. அவனக் காட்டினேன். 'ஆட்டு, நல்லா ஆட்டு, அவன் கண்ணுக்குத் தெரியணும்'ன்னாங்க. ஆட்டினேன். அவன் சுத்தும்முத்தும் பாத்தான், தனக்குத்தானான்னு. அப்புறம் அவனும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினான். கப்பல் மறையறவரைக்கும் ஆட்டினான்."

நான் தண்ணீர்ப் பாத்திரத்தை அவள் காலருகே வைத்தேன்.

"திரும்பி வர்றப்ப டிராம்ல நெனச்சுப் பாத்தேன். அந்தப் பையன் முகம் அப்படியே கண்ணுல நிக்குது. உங்க தம்பி முகம் வரல. போட்டோவ எத்தனை தடவ பாத்திருப்பேன்! வரலக்கா."

பிறகு காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "நான் நாளைக்குப் போகல," என்றாள்.

"என்னடி உளர்றே? நீ அவன் பொண்டாட்டி."

"பொண்டாட்டிதான். இல்லேன்னு நான் எங்க சொன்னேன்? அவரு வரட்டும். வந்து பாக்கட்டும். நானும் பாக்கறேன். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் போறேன், இல்ல போகல."

கத்தினேன். ஊர் என்ன பேசும் என்றேன், அவன் அங்கே வீடெல்லாம் வெள்ளையடித்து வைத்திருப்பான் என்றேன், உன் அப்பா உன்னை வாசற்படி ஏற்றமாட்டார் என்றேன். எல்லாம் தெரியும் என்றாள். என் தம்பியை ஒருத்தி வேண்டாம் என்கிறாள் என்ற ஆத்திரம் எனக்கு. அவன் குரல்கூடத் தெரியாமல் அவளுக்கு நான் என்ன வாக்குக் கொடுப்பது என்ற தவிப்பும் இருந்தது. இரண்டும் சேர்ந்து என் குரலைத்தான் உயர்த்தின.

ஊரெல்லாம் தேடிக் களைத்து வந்த அபீலியோ வாசலில் நின்று முழுவதையும் கேட்டார். தொப்பியைக் கழற்றினார். "அப்ப நாளைக்குப் பெட்டி மட்டும் புருஷன் வீட்டுக்குப் போகுது!"

அப்படித்தான் ஆனது. காலையில் ஓடிப்போய்க் கேட்டோம். அடியில் ஏற்றியாகிவிட்டது, இனிமேல் எடுக்க முடியாது என்றார்கள். தம்பிக்குத் தந்தி கொடுக்க வேண்டும். என்ன எழுதுவது என்று எனக்கும் அபீலியோவுக்கும் தபால் நிலைய வாசலிலேயே சண்டை. கடைசியில், "பெட்டி வருகிறது. சுல்மீரா வரவில்லை. அனைவரும் நலம்" என்று கொடுத்தோம். மறுநாள் பதில் வந்தது: "அனைவரும் நலமென்றால் ஏன் வரவில்லை?"

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஊரிலிருந்து அவள் அப்பா எழுதியதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். திரும்பிப் போக வழியில்லை. எங்களோடே இருந்தாள். ஒரு ஓட்டலில் துணி துவைக்கும் வேலை கிடைத்தது. என்னால் அவளிடம் சரியாகப் பேச முடியவில்லை. உப்பு எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அபீலியோவின் டிராமில் ஏறி முன்னால் நின்றுகொண்டு ஊரை ஒரு சுற்று சுற்றி வருவாள். இப்போதுதான் ஊரைப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் வந்து சொல்வாள், எந்தத் தெருவில் யார் வீட்டுக் கிளி கெட்ட வார்த்தை பேசுகிறது என்பதுவரை. எனக்கே தெரியாத சந்துகள். ஒருநாள் என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அதோடு என் மௌனம் உடைந்தது.

மறுவருஷம் வால்தெமார் லீவில் வந்தான். இறங்குகிறவர்களில் நான் ஒரு குண்டு மனிதனை என் தம்பி என்று நினைத்துக் கையாட்டினேன். "அக்கா, இந்தப் பக்கம்," என்று பின்னாலிருந்து கேட்டது. ஒல்லியாக, முன்மண்டை வழுக்கையாக நின்றான். என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். துறைமுக இரைச்சலில் அவன் ஒரு அடி கிட்டே வந்தான்.

"கோவமா வந்திருக்கேன்," என்றான் கடைசியில்.

"வந்தீங்கல்ல," என்றாள் அவள்.

அவன் எங்கள் கூடத்தில் படுத்தான், அவள் உள்ளறையில். அவள் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் நடக்கப் போவார்கள். சில நாள் சிரித்துக்கொண்டு வந்தார்கள், சில நாள் முன்னும் பின்னுமாக வந்தார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். "நீ உக்காரு முதல்ல. லீவு அவனுக்கு, உனக்கு இல்ல," என்றார் அபீலியோ.

லீவு முடிய இருந்த சமயம், படகில் மறுகரைக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்றார்கள். அங்கே கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம், கேட்டுவிட்டு வந்தானாம், அங்கேயே சேரப்போகிறானாம். மொசாம்பிக்கில் பார்த்த வேலையைவிடச் சின்ன வேலை. அவன் முகத்தில் பெரிய சந்தோஷம் இருந்தது என்று சொல்லமாட்டேன். அவள் முகத்திலும் நிம்மதி இல்லை, அவன் விட்டுக்கொடுத்ததன் கனம்தான் இருந்தது.

"நல்லா யோசிச்சியாடா?" என்று கேட்டேன்.

"யோசிச்சா போயிருப்பேன்க்கா," என்றான்.

மறுகரையில், கசில்யாஸில் வீடு எடுத்தார்கள். சண்டை உண்டு. கோபம் வந்தால், நான் அங்கேயே இருந்திருந்தால் இந்நேரம் அதிகாரி ஆகியிருப்பேன் என்பான். போங்களேன், யார் தடுத்தது என்பாள். போகவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு இப்போது வரன் பார்க்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். சுல்மீரா அதைக் கையில்கூட வாங்கவில்லை.