பிரகாசத்தின் மேல் எழுதிய புகார்

12 மார்ச் 1966, சனி

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. புகார்க் கடிதத்தில் ஒன்பது பேர் கையெழுத்திட்டதாக எழுதியிருக்கிறேன். எட்டுப் பேர்தான். என்னை இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

பஜார் மெஸ்ஸில் மதியச் சாப்பாடு இரண்டு மாதமாகவே சரியில்லை. இலை போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் சோறு வருகிறது. ரசம் கேட்டால், பரிமாறுகிற பிரகாசம் உள்ளே போய்விடுகிறார். திரும்பி வருவதற்குள் கை காய்ந்துவிடுகிறது.

"ஏம்ப்பா, இது மெஸ்ஸா, கப்பல் டிக்கெட் கியூவா?" என்று துறைமுகத்தில் வேலை பார்க்கும் குழந்தைவேலு அண்ணன் நேற்றுக் கத்தினார்.

மேனேஜர் பழனிசாமி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்கிட்ட கத்தி என்ன ஆவப்போவுது? முதலாளி மெட்ராஸ்ல இருக்காரு. எழுதிப் போடுங்க."

"எழுதுறதுக்கு நம்ம திருநாவுக்கரசு இருக்கானே, ஈவினிங் கிளாஸ் துரை! எழுதுடா தம்பி, நல்லா உறைக்கிற மாதிரி" என்று அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார்.

புகார் என்றால் பெயர், தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும் என்று டெய்ரி ஃபார்ம் பகுதியில் நான் போகும் மாலை வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். டைரியில் ஒன்பது நாள் நேரத்தைக் குறித்து வைத்திருந்தேன். அதையே எடுத்து எழுதினேன். 'மார்ச் 3, பரிமாறுபவர் பிரகாசம் 12.40 முதல் 12.55 வரை கூடத்தில் இல்லை.' இப்படி ஒன்பது வரிகள்.

கடிதத்தை இன்று தபாலில் சேர்த்தேன். இந்தத் தீவிலிருந்து மெட்ராஸுக்கு அடுத்த கப்பல் நாளை.

14 மார்ச், திங்கள்

கை கழுவும் இடத்தில் தண்ணீர் இல்லை. முதல் தடவையாகச் சமையலறைக்குள் போனேன். பிரகாசம் தனியாக நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தார். ஆவி பட்டு முழங்கை வரை சிவந்திருந்தது. கூடத்திலிருந்து "ரசம்! ரசம்!" என்ற குரல்கள்.

"சமையல்காரர் எங்கே?" என்று கேட்டேன்.

"அவரு பொங்கலுக்கு முன்னாலயே வடக்கே மாயாபந்தர்ல மரம் வெட்டுற கேம்புக்குப் போயிட்டாரு சார். நாந்தான் ஆக்குதேன், நாந்தான் போடுதேன். ஆள் கிடைக்கிற வரைக்கும் முதலாளிக்குத் தெரிய வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"நீங்களாவது ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எழுதி, இருக்கிற வேலையையும் கெடுத்துக்கவா? மே மாசம் ஊர்லேருந்து வீட்டுக்காரியும் பாப்பாவும் வாராவ. மின்னி பே பக்கம் ஒரு ரூம் சொல்லி வச்சிருக்கேன்." சிரித்தார். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, "ஏக் மினிட், சாப்!" என்று கூடத்துக்கு ஓடினார்.

கடிதத்தோடு கப்பல் நேற்றே போய்விட்டது.

16 மார்ச், புதன்

முதலாளிக்குத் தந்தி அடித்தால் கடிதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். படிவம் வாங்கி, இரண்டு பேர் வேலையை ஒருவரே பார்க்கிறார், அவர் மேல் தவறில்லை என்று எழுதினேன். என் ஒருவன் பெயர் போதாது என்று தோன்றியது. குழந்தைவேலு அண்ணனிடம் நீட்டினேன்.

"பைத்தியமாடா உனக்கு? எட்டுப் பேர் சேர்ந்து ஒண்ணு எழுதிட்டு, அஞ்சாம் நாள் அது இல்லேம்பியா? சோடோ யார், விட்டுத் தள்ளு. சோறு நேரத்துக்கு வந்தாச் சரி."

மற்றவர்களிடம் கேட்கவில்லை. தனியாகவே அனுப்பியிருக்கலாம். தந்தி ஆபீஸ் வாசல் வரை போனேன். பொய்ப் புகார் எழுதியவன் என்று ஆகிவிடுமோ என்று பயம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டு திரும்பினேன். வகுப்புக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

29 மார்ச், செவ்வாய்

கப்பல் நேற்று வந்தது. புதிதாக ஒரு சமையல்காரரும் பரிமாற ஓர் ஆளும் வந்திருக்கிறார்கள். முதலாளி என் கடிதத்தைத் திருப்பி அனுப்பி, கூடவே பதிலும் எழுதியிருந்தார். பழனிசாமி அதை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். புகார் மிகத் தெளிவாக இருந்ததாம். பிரகாசத்தை இதே கப்பலில் ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமாம். மேனேஜரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இலை போட்ட மூன்றாவது நிமிடம் சோறு வந்தது. "பாத்தியா?" என்று குழந்தைவேலு அண்ணன் என் முதுகில் தட்டினார். எனக்கு இரண்டாம் சோறு வாங்க முடியவில்லை.

31 மார்ச், வியாழன்

மாலை மெஸ்ஸின் பின்பக்கம் போனேன். பிரகாசம் தகரப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடிதத்தை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும் சார். மேனேஜர் காட்டினாரு. நேரமெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீய." கயிற்றை இழுத்து முடிந்தார். "அந்தக் கால் மணி நேரம் உள்ள என்ன செய்தேன்னுதான் யாரும் கேக்கல."

உண்மையை முதலாளிக்கு எழுதுகிறேன் என்றேன்.

"அது எந்தக் கப்பல்ல போவும்? நான் போற கப்பல்லதான?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "புதுசா வந்தவனும் பிள்ளகுட்டிக்காரன். அவன் பொழப்புல கை வைக்காதீய."

மின்னி பே அறையைப் பற்றிக் கேட்டேன். வேறு ஒரு குடும்பம் வந்துவிட்டதாம். அங்கே வைக்க வாங்கிய பாத்திரமெல்லாம் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறதாம். தூக்கிப் பார்த்தேன். ஒரு ஆளால் முடியாது.

"காலையில ஒரு கை பிடிப்பீயளா தம்பி?" என்றார்.

நாளை செய்ய வேண்டியது: நான் தங்கியிருக்கும் கராச்சர்மாவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்குள் மெஸ்ஸுக்கு வர வேண்டும். பெட்டியை அவரோடு தூக்கிக் கப்பல் நிற்கும் சாத்தம் ஜெட்டியில் சேர்க்க வேண்டும். ஆபீஸுக்கு அரை நாள் லீவு.